ஈறைக் கெடுப்பது கிருமியா, நம் உடம்பா?

கேள்வி:
இரண்டு வாரமாகப் பல் துலக்கித் துப்பினால் எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. கீழ்க் கடைவாய்ப் பல்லோரம் ஈறு தடித்து, நாக்கு பட்டாலே தெரிகிறது. வலி துளியும் இல்லை. பல் மருத்துவர் ஈறுக்குள் மெல்லிய கம்பி விட்டு அளந்து, "5 மில்லிமீட்டர் பள்ளம், எலும்பு கரைய ஆரம்பித்திருக்கிறது" என்றார். கிருமி எலும்பையுமா தின்னும்?

பதில் 1:
நேரடியாகத் தின்பதில்லை. போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் பல்லடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதை உணரும் நம் உடம்புச் செல்கள் சில, கேஸ்டெர்மின் என்ற புரதத்தால் தங்கள் சவ்விலேயே ஓட்டை போட்டு வெடித்துச் சாகும். பெயர் பைரோப்டோசிஸ். வழக்கமான செல் சாவு சத்தமில்லாமல் முடிந்துவிடும். இதுவோ அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தைக் கொட்டிவிட்டுப் போகும். எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கிருமியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடே. படலம் அங்கேயே கிடப்பதால்தான் ஓயாமல் நடக்கிறது.

பதில் 2:
3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 5 என்றால் பிரஷ் எட்டாது, வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். ரத்தம் வருகிறதே என்று நான் அந்தப் பக்கம் துலக்காமலே விட்டேன். படலம் காரையாக இறுகிவிட்டது. நீங்கள் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். கரைந்த எலும்பு திரும்ப வளருமா?

பதில் 1:
பெரும்பாலும் தானாக வளராது. மேலும் கரையாமல் நிறுத்த முடியும். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.