நல்ல கிடாவின் மகனையே அடுத்த பொலிகிடாவாக விடலாமா?

கரூர்க்காரன்:
தலைச்சேரி ஆடு வைத்திருக்கிறேன், 40 பெட்டை, ஒரே கிடா. அவன் குட்டிகள் மூன்று மாதத்திலேயே நல்ல எடைக்கு வந்துவிடுகின்றன, வாங்க வருகிறவர்களும் இவன் குட்டியைத்தான் கேட்கிறார்கள். அதனால் இவன் மகன்களில் ஒருவனையே அடுத்து விடலாமென்று யோசனை. வெளிக்கிடா வாங்கினால் இந்த வளர்ச்சி போய்விடுமோ என்று பயம். சொந்தத்திலேயே சேர்த்தால் உடனே ஏதும் கெடுமா?

மேய்ச்சல்காடு:
உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கலே. இளம் பெட்டைகள் எல்லாம் அந்த மகனுக்குத் தங்கை முறை. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை (ஒரே மூதாதையின் மரபணு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்துசேரும் வாய்ப்பு) 12.5 சதவீதம், தகப்பனையே மகளோடு விட்டால் 25. குட்டி இறப்பும் சினை நிற்காமல் போவதும் மெல்ல மெல்லத்தான் கூடும். சந்தை எடையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படாது.

பால்கணக்கு:
ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்தில் இதுதான் நடந்தது. 1962-இல் பிறந்த ஆர்லிண்டா சீஃப் என்ற அமெரிக்கக் காளைக்கு 16,000 மகள்கள், பேத்திகள் 5 லட்சத்துக்கு மேல். அதன் மரபணு ஒன்றில் பழுது இருந்தது, தாய்வழியிலும் தந்தைவழியிலும் அது வந்துசேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். ஐம்பது வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். நஷ்டம் 42 கோடி டாலர், ஆனால் அந்தக் காளையால் கூடிய பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்று ஆய்வாளர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள்! ஆகவே நல்ல கிடாவை ஒதுக்கச் சொல்லவில்லை, பட்டி முழுக்க அவன் ரத்தமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கொடியாடு:
கிடா எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு கிடா, 40 பெட்டை என்றால் எல்லாக் குட்டிக்கும் பாதி ரத்தம் அந்த ஒருவனுடையதுதான்; அதனால் மரபுக்கணக்கில் உங்கள் பட்டி நாலு ஆட்டுக்குச் சமம், பெட்டையை 80 ஆக்கினாலும் நாலைத் தாண்டாது. நாலு கிடா விட்டால் 14-க்கு மேல் போகும். நாலுக்குத் தீனி போட முடியாதென்றால் பக்கத்துப் பட்டிக்காரர்களோடு பேசி, மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வளர்ச்சி அவர்கள் பட்டிக்குப் போகும், அவர்களுடையது இங்கே வரும்.

கரூர்க்காரன்:
சரி, மாற்றுகிறேன். வருகிற கிடாவை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கொடியாடு:
எடைதான், ஆனால் ஒற்றைக்குட்டியோடு இரட்டைக்குட்டியை ஒப்பிடாதீர்கள். ஒற்றைக்கு முழுப்பாலும் கிடைக்கும், கொழுக்கத்தான் செய்யும். இரட்டையில் பிறந்து நன்றாக வளர்ந்தவனைப் பாருங்கள், தாயையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.