புதுப்பிப்பு: போர்ச்சுகீசிய மேல்முத்திரை (புழக்கத்திலிருந்த காசின் மேல் பின்னர் குத்திய முத்திரை) உள்ள வெள்ளிக் காசுகள்

முந்தைய பதிவு போர்ச்சுகலின் அட்லாண்டிக் தீவுகளான அசோரஸின் 1887 ‘ஜி.பி.’ முத்திரையைப் பற்றியது. அடிக்காசின் (முத்திரை குத்தப்பட்ட மூலக் காசின்) ஆண்டு 1887-க்குப் பிந்தியதாக இருந்தால் முத்திரை போலி என்று அதில் சொல்லியிருந்தேன். அப்போது போர்ச்சுகீசியக் காலனியாக இருந்த மொசாம்பிக்கின் 1889 ‘பி.எம்.’ முத்திரைக்கும் அது பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள்.

இந்திய ரூபாயில் குத்தியிருந்தால் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 1862 என்று போட்ட ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டுடன் வந்தவை; அவற்றில் உள்ள ஆண்டு அச்சடித்த காலத்தைக் காட்டாது.

ஆஸ்திரிய ஆட்சியாளர் மரியா தெரேசாவின் உருவம் பொறித்த தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசில் பொருந்தவே பொருந்தாது. எப்போது அச்சடித்தாலும் அதில் 1780 தான். ரோம் 1935-லும் லண்டன் அடுத்த ஆண்டிலும் அடிக்கத் தொடங்கின, பம்பாயிலும் அடித்தார்கள். அவற்றில் அசல் 1889 முத்திரை இருக்கவே முடியாது. ஆகவே முதலில் உருவத்தின் தோளில் உள்ள அலங்கார ஊசியின் முத்துகளையும் பின்பக்கக் கழுகின் வால் இறகுகளையும் பார்த்து, எந்தக் காலத்து அச்சு என்று முடிவுசெய்யுங்கள். முத்திரை அப்புறம்.

எடை: தாலர் 28.07 கிராம், ரூபாய் 11.66 கிராம். தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது.

பத்து மடங்கு லென்ஸில் கீறல்களைப் பாருங்கள். குத்துவதற்கு முன் விழுந்த கீறல் முத்திரையின் விளிம்போடு நின்றுவிடும், அல்லது உள்ளே நசுங்கியிருக்கும். பின்பக்கம் நேர் எதிரே உருவம் கொஞ்சமாவது தட்டையாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் முத்திரைப் பள்ளத்தில் குமிழ்க்குழிகள் மட்டும் தெரிந்தால், முத்திரையோடு சேர்த்தே வார்த்த காசு. அதற்கு வெள்ளி விலைகூடத் தராதீர்கள். உள்ளே வெள்ளியே இல்லாமலிருக்கலாம்.