அனுபவப் பகிர்வு: ஒரு கம்பியை இறக்கினேன், மற்ற ஐந்தும் ஏறிக்கொண்டன

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஆள் நான். போன வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீமிதி முடிந்து ராத்திரி எங்கள் கச்சேரி. நாலு பாட்டு நன்றாகப் போனது. ஐந்தாவது பாட்டுக்கு என் கிட்டாரின் தடிக் கம்பியை ஈ சுருதியிலிருந்து டி சுருதிக்கு இறக்க வேண்டும், கீபோர்டுக்காரர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். அவசரமாகக் கம்பியை முறுக்கும் டியூனரைத் திருகி ஒரு கார்டு அடித்தால், டி மட்டும் ஏறக்குறைய சரி, மற்ற ஐந்தும் சுருதி ஏறிக் கிடக்கின்றன. அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்டிராட் மாதிரிக் கிட்டார், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உடலில் படாமல் மிதக்கும் வகை. முன்னால் ஆறு கம்பிகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, இரண்டும் சமமாக இருக்கிற இடத்தில்தான் பிரிட்ஜ் நிற்கும். 46 கம்பியில் (0.046 அங்குலத் தடிமன்) ஈ-க்குச் சுமார் எட்டு கிலோ இழுவை, டி-க்கு இறக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அவ்வளவு போதும், ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னால் சாய்த்துவிடும், மிச்சக் கம்பிகள் இறுகிவிடும். கச்சேரி நடுவில் கம்பி அறுந்தாலும் இதே கதைதான். (பார் என்ற கைப்பிடியால் பிரிட்ஜை ஆட்டும் இந்த அமைப்புக்கு டிரெமலோ என்று பெயர் வைத்ததே தப்பு, ஆட்டுவது சுருதியை, சத்தத்தை இல்லை. 1954-இல் லியோ ஃபெண்டர் வைத்த பெயர், இனி யார் மாற்றப் போகிறார்கள்.)

மறுநாள் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பழைய பால்மரப் பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. அப்பா இருபது வருடம் பால் வெட்டினவர், மரத்தின் மேல் அவருக்கு ஒரு உரிமை, அரத்தை வாங்கி அவரே தேய்த்துக் கொடுத்தார். உள்ளே பிரிட்ஜின் அடியில் இருக்கிற இரும்புக் கட்டிக்கும் ஸ்பிரிங் பக்கத்துச் சுவருக்கும் நடுவே அதை நெருக்கமாகச் செருகி, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கொஞ்சம் இறுக்கினேன். இப்போது பாரை அமுக்கினால் சுருதி இறங்கும், மேலே இழுத்தால் ஏறாது. அந்த ஏற்றம் எனக்கு வேண்டாம். டி-க்கு இறக்கினால் மற்றவை அசைவதே இல்லை.

கூலிமிலிருந்து ஒருவர்:
அண்ணே, என்னிடம் இருப்பது ஃபிளாய்ட் ரோஸ், கம்பிகளைப் பூட்டி வைக்கும் வகை டிரெமலோ. கழுத்து முனையில் கம்பிகள் படியும் நட்டைப் பூட்டிவிட்டால் தலையில் இருக்கும் டியூனரைத் திருகி ஒன்றும் ஆகாது, பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகுகள் ஒரு முழு ஸ்வரம் இறக்கவும் போதாது. பிரிட்ஜில் ஈ கம்பி உட்காரும் சேடிலில் டி-டியூனா மாட்டினேன், ராக் கிட்டார்க்காரர் எடி வேன் ஹேலன் யோசனையில் வந்த சாமான், இழுத்தால் டி, தள்ளினால் ஈ. ஆனால் பிரிட்ஜ் உடலில் படுத்திருந்தால்தான் சரியாக வரும், மிதக்க விட்டால் உங்கள் கதைதான் எனக்கும். அது தெரியாமல் வாங்கி ஒரு மாதம் சாமானைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாகான் செராய்க்காரர்:
தம்பி, பிரிட்ஜை மட்டும் பார்க்காதே. பாரை அமுக்கி விட்டதும் ஜி கம்பி மட்டும் இறங்கியோ ஏறியோ நிற்கிறதா? டியூன் பண்ணும்போது நட்டில் 'டிக்' என்று கேட்கிறதா? கம்பி அங்கே மாட்டுகிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய். புதுக் கம்பி போட்டால் கையால் நாலைந்து தடவை இழுத்து விடு, டியூனர் கம்பத்தில் ரெண்டு மூணு சுற்றுக்கு மேல் சுற்றாதே. பத்து செட்டிலிருந்து அதைவிட மெல்லிய ஒன்பது செட்டுக்குக் கம்பி மாறினால் மிதக்கும் பிரிட்ஜை மறுபடி சமன்படுத்தியாக வேண்டும், இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் எழுதியவன்:
பென்சில் தேய்த்தேன் அங்கிள். ஜி அடங்கிவிட்டது. பி இன்னும் அடம்பிடிக்கிறது, பள்ளமே குறுகலாக இருக்கும் போல. ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை மடித்துத் தேய்க்கலாம் என்று இருக்கிறேன், அப்பா கையில் அரத்தோடு வந்து நிற்பதற்குள்.