ஜப்பானில் தனியாகச் சாப்பிடப் போவது: என் நகோயா அனுபவம்

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிற நம் ஆட்கள் பலர், வெளியே சாப்பிடப் போகத் துணை தேடியே முதல் சில மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். துணை கிடைக்காத நாளில் கடை வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, கொன்பினி என்கிற சின்னப் பல்பொருள் கடையில் ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். தனியாக வருகிறவர்களை இந்த ஊர்க் கடைகள் கவனித்துக்கொள்கிற மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசலில் நோரென் என்கிற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே போகலாம். எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தேஸ்" என்றால் போதும், கவுண்டரில் இடம் காட்டுவார்கள். மதிய நேரத்தில் அந்த வரிசையில் பெரும்பாலும் எல்லோருமே தனி ஆட்கள்தான். பை வைக்கக் காலடியில் கூடை இருக்கும், தண்ணீருக்குக் காசு கிடையாது. நம் ஊரில் ஒரு பெண் தனியாக ஓட்டலில் உட்கார்ந்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே என்னை ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று பெண்களுக்குப் புரியும்.

ராமென், சோபா என்கிற நூடுல்ஸ் கடைகளிலும், கியூதோன் (சோற்றின் மேல் மாட்டிறைச்சி) கடைகளிலும் பலவற்றில் சாப்பாட்டுக்கான டிக்கெட் இயந்திரம் இருக்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், அப்புறம்தான் பொத்தான்களில் விளக்கு எரியும். பின்னால் ஆள் நிற்கும்போது அவசரப்பட்டு ஏதோ ஒன்றை அழுத்த வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்று மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சின்னக் கடைகளில் 5,000, 10,000 யென் நோட்டை ஏற்காத இயந்திரங்கள் உண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய நோட்டுகளை ஏற்காத பழைய இயந்திரங்களும் உண்டு. அதனால் நான் பழைய 1,000 யென் நோட்டையும் கொஞ்சம் சில்லறையையும் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

எனக்கு உண்மையான கவலை சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். நான் மீன், கோழி சாப்பிடுவேன், மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன். அலுவலகத்தில் ஒரு ஜப்பானியத் தோழி அதை ஜப்பானிய மொழியில் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்தாள். நகோயாவில் இமாய்கே பக்கம் ஒரு வயதான தம்பதி நடத்துகிற தெய்ஷோக்கு (சோறு, சூப், ஒரு பதார்த்தம் சேர்ந்த சாப்பாடு) கடைக்கு அந்த அட்டையோடு போனேன். படம் போட்ட மெனு இல்லை, இயந்திரமும் இல்லை. சுவர் முழுக்கக் கையால் எழுதிய காகிதப் பட்டைகள். அந்த அம்மா அட்டையை வாங்கி, அடுப்படியில் இருந்த கணவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா சுவரில் இருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இதற்குத் தலையாட்டி, அதற்குக் கையசைத்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

உப்புத் தடவிச் சுட்ட சபா மீன் சொன்னேன். நம் கானாங்கெளுத்தியின் இனம். அன்றைக்கு எல்லோருக்கும் போன சூப்பில் பன்றி இறைச்சி இருந்ததால், எனக்கு மட்டும் டோஃபு போட்டு நகோயாவின் சிவப்பு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பைத் தனியாக வைத்துக் கொடுத்தார் பெரியவர். மீனுக்குப் பக்கத்தில் துருவிய வெள்ளை முள்ளங்கி இருந்தது. சோயா சாஸை மீன் மேல் ஊற்றாமல் முள்ளங்கி மேல் விட்டு, அதை மீனோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று அந்த அம்மா ஜாடையில் காட்டினார். மொறுமொறுவென்ற தோலோடு அப்படிச் சாப்பிட்ட ருசிக்கு ஈடே இல்லை. அடுத்த தடவை போனபோது அட்டையை நான் வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை.

முழுச் சைவக்காரர்களுக்கு இது இதைவிடக் கடினம், அதை மறைக்க மாட்டேன். இறைச்சி இல்லாத சோபாவிலும் மீன் சேர்த்த தாஷி என்கிற சாறு இருக்கும். காய்கறிக் கறி என்று வருவதன் குழம்பிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய செயின் கடைகள் பலவும் இணையத்தில் ஒவ்வாமை அட்டவணை போட்டிருக்கின்றன. அதில் பால், முட்டையோடு மாடு, பன்றிக்கும் தனிக் கட்டம் இருந்தால் நமக்கு அது பெரிய உதவி. தோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற 'டீஸ் தான்தான்' கடையில் ராமென் முழுக்கத் தாவர உணவுதான். ரயில் மாறும்போது அங்கே கவலையில்லாமல் சாப்பிடலாம்.

எல்லா இடத்திலும் வரவேற்பு ஒரே மாதிரி இருக்காது. ஒரு கடையில் நான் கதவைத் திறந்ததுமே இரண்டு கையையும் குறுக்கே வைத்து முடியாது என்று காட்டினார்கள். உள்ளே காலி இடம் தெரிந்தது. முன்பதிவாக இருக்கலாம், மொழிப் பயமாகவும் இருக்கலாம். மனசு கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் அதே தெருவில் அடுத்த கடையில் இடம் கிடைத்தது. இஸகாயா என்கிற, மதுவோடு சாப்பாடும் தருகிற கடைக்குத் தனியாகப் போனால், கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைத்து 300 முதல் 500 யென் வரை பில்லில் சேர்ப்பார்கள். அதற்கு ஒதோஷி என்று பெயர், அங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். டிப்ஸ் எங்கேயும் வேண்டாம்.

இன்னும் தயக்கம் போகவில்லை என்றால் நகோயாவின் காலை நேரக் காபிக் கடையில் ஆரம்பியுங்கள். காபிக்கு மட்டும் காசு கொடுத்தால் டோஸ்டும், பெரும்பாலும் ஒரு அவித்த முட்டையும் சேர்ந்து வரும். இந்த ஊரில் அதை 'மோர்னிங்கு' என்பார்கள். டோஸ்டுக்கு இனிப்பு அஸுகிப் பயறு விழுது கேட்டு வாங்குங்கள், சைவக்காரர்களுக்கும் நிறைவாக இருக்கும்.

ஃபுகுவோகா பக்கம் இருப்பவர்கள், தனியாகப் போய்ச் சாப்பிட்ட நல்ல கடைகளைப் பற்றி எழுதுங்கள். என் தங்கை அங்கே படிக்க வருகிறாள், அவள் முழுச் சைவம்.