விடுதலைப் பத்திரத்தோடு 1 கொரிந்தியர் 6-ஐயும் அனுப்பியிருக்கிறார் அண்ணன்

கைதைப்பூ:
எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். அப்பா போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், உயில் எதுவும் எழுதவில்லை. அவர் பேரில் 90 செண்ட் ரப்பர் இருக்கிறது, ரோட்டை ஒட்டி. அண்ணன்மார் இரண்டு பேர், நான் கடைசி. வருகிற சனிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரத்தில், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்னையும் அம்மாவையும். "ஒனக்குக் கல்யாணத்துக்கு 75 பவுன் போட்டாச்சு, அதுதான் ஒன் பங்கு" என்கிறார் பெரியண்ணன். நான் யோசிச்சுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 1 கொரிந்தியர் 6:7 வந்துவிட்டது. வழக்காடுவதைவிட ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் கேட்கிற வசனம். அத்தை அதற்குக் கைகூப்புகிற படம் போட்டிருக்கிறார். நான் வக்கீல் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை! விசுவாசி வீட்டில் பங்கு கேட்பது பாவமா? நேராகச் சொல்லுங்கள்.

சேகரத்துப்பிள்ளை:
சிஸ்டர், நேராகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பங்கு கேட்பது பாவம் இல்லை. கோர்ட்டுக்குப் போவது வசனத்துக்கு விரோதம், அதில் பவுல் எந்தச் சந்தும் விடவில்லை. லூக்கா 12-ல் ஒருவன் இயேசுவிடமே வந்து, ஆஸ்தியைப் பிரித்துக் கொடுக்க என் அண்ணனுக்குச் சொல்லும் என்றான். என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று கேட்டுவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரித்து அனுப்பினார். ஆபிரகாமைப் பாருங்கள். மேய்ப்பருக்குள் சண்டை வந்ததும் லோத்தை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார், அதனால் அவர் குறைந்தா போனார்? சில செண்டு நிலத்துக்காக அண்ணன் தங்கச்சி உறவை முறிக்க வேண்டுமா? கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமாதானமாக இருங்கள், கர்த்தர் வேறு வழியில் ஈடு செய்வார்.

வேம்படி:
பிள்ளைவாள், 6:7-ஐ வாசித்த கையோடு 6:8-ஐயும் வாசித்திருக்கலாமே. நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், அதுவும் சகோதரருக்கு என்று அடுத்த வரியிலேயே அடிக்கிறார் பவுல். நஷ்டப்படுகிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம் 7. அதை நஷ்டப்படுத்துகிறவர் ஃபார்வர்டு செய்தால் வசனம் மாறவில்லை, அனுப்பியவர் கையிலிருக்கிற பத்திரம்தான் அதற்கு வேறு அர்த்தம் கொடுக்கிறது.

ஆபிரகாம் கதையையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். விட்டுக்கொடுத்தது யார்? மூத்தவர், லோத்தின் தகப்பனோடு பிறந்தவர், தேசமே உன் சந்ததிக்கு என்ற வாக்குத்தத்தம் கையில் இருந்தவர். இளையவனிடம் "நீ இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போகிறேன்" என்றார். அப்படியானால் இந்தக் கதை கைதைப்பூவுக்கா அனுப்ப வேண்டியது, பெரியண்ணனுக்கா?

குமாஸ்தா:
வசனத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கணக்கைச் சொல்கிறேன். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வித்தியாசம் கிடையாது. 90 செண்டில் அம்மாவுக்கு 30, உங்கள் மூன்று பேருக்கும் தலைக்கு 20. அந்த 75 பவுனைக் கழிக்கவும் முடியாது. தகப்பன் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 49-ஆம் பிரிவே சொல்கிறது.

உங்கள் அண்ணன் சொல்கிற கணக்கு அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை அந்தப் பக்கம் இருந்த மண் என்பதால் சட்டம் போன பிறகும் பேச்சு போகவில்லை. அப்பா சொத்தில் பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-லேயே செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா மகன்கள் பேருக்கே உயில் எழுதியிருந்தால் நீங்கள் பேச இடமே இல்லை, கிறிஸ்தவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் எழுதவில்லை.

பால்வெட்டு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் அந்தப் பெரியண்ணன் இல்லை, ஆனால் அவர் இடத்தில் இருக்கிறவன். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் கிடந்தார். தங்கச்சிமார் இரண்டு பேரும் ஒருத்தி மஸ்கட்டில், ஒருத்தி சென்னையில். மலம் எடுத்தது நானும் என் பெண்டாட்டியும். விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போய், சிரட்டையில் பால் நிறைவதற்குள் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, மறுபடி பால் எடுக்கப் போவேன். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டும் இல்லை, காசும் இல்லை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருடங்களில் ஒரு தங்கச்சியும் பங்கு கேட்கவில்லை. ரோடு அகலமாகப் போகிறது என்ற பேச்சு வந்ததும் சட்டப்பிரிவு நம்பரோடு வருகிறார்கள். குமாஸ்தா ஐயா, அந்த ஆறு வருடம் எந்தப் பிரிவில் வருகிறது?

அப்பா உயில் எழுதவில்லை என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். வலது கை விழுந்தவர் எப்படி எழுதுவார்? தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்பதும் வசனம்தானே, அதைச் செய்தவனுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

கைதைப்பூ:
அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக. நீங்கள் பார்த்த வேலைக்குக் கணக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம், உங்கள் தங்கச்சிமாரும் கொடுக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்தது நான். கடைசி ஒன்றரை வருடம் வாரத்துக்கு மூன்று நாள் குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். சின்னண்ணன் குவைத்துக்குப் போக விசா எடுத்தது அப்பாதான், பெரியண்ணன் மகனுக்கு எஞ்சினியரிங் சீட்டுக்குக் கட்டியதும் அப்பாதான். அதெல்லாம் "செலவு". எனக்குப் போட்ட பவுன் மட்டும் "பங்கு". அந்தப் பவுனும் என்னிடம் இல்லை, என் நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிற்று, அது வேறு கதை.

வேம்படி:
அது வேறு கதை இல்லை, அதே கதைதான். ஒரு வீட்டில் மகளுக்குக் கொடுத்தது அடுத்த வீட்டு மகளுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது, எந்த மகள் கையிலும் நிற்கவில்லை.

சேகரத்துப்பிள்ளை:
எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள், எனக்கு வேதத்திலிருந்து காட்டுங்கள். உடனே செலோப்பியாத்தின் ஐந்து மகள்களைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். எண்ணாகமம் 27-ல் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது சகோதரன் இல்லாததால். 36-ல் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அண்ணன் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது.

வேம்படி:
ஒத்துக்கொள்கிறேன், பொருந்தாது. யோபு 42:15 பாருங்கள். எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். ஏழு மகன்கள் இருக்கும்போதே அந்த மூன்று மகள்களுக்கும் அவர்கள் சகோதரர்களுக்கு நடுவே சுதந்தரம் கொடுத்தார் யோபு. எல்லாம் இழந்து திரும்ப எழுந்த மனிதர் செய்த முதல் காரியங்களில் ஒன்று அது. சண்டே ஸ்கூலில் யோபுவின் புண்ணும் ஓட்டாஞ்சில்லும் சொல்லிக் கொடுத்தார்கள், இந்த வசனம் வரும்போது மணி அடித்துவிட்டது போலிருக்கிறது.

சேகரத்துப்பிள்ளை:
சரி, அது நல்ல வசனம், மறுக்கவில்லை. ஆனால் யோபு தானாகக் கொடுத்தார், மகள்கள் நோட்டீஸ் அனுப்பி வாங்கவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது. பவுல் சொன்னது சபைக்குள் தீர்க்கச் சொல்லி. மத்தேயு 18-ல் இயேசு சொன்னதும் அதேதான், முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இதில் கோர்ட் எங்கே?

கருப்பட்டிக்காப்பி:
சபைக்குச் சொல் என்றால் யாரிடம் சொல்வது? எங்கள் சபையில் நான் சொன்னேன். கமிட்டியில் பதினொரு பேர், பதினொரு பேரும் ஆண்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் தங்கச்சியிடம் எழுதி வாங்கிய பத்திரம் ஒன்று பீரோவில் இருக்கிறது. என் அண்ணன் அந்த வருடம் பொருளாளர். பேசி முடித்து ஜெபம் பண்ணி அனுப்பினார்கள், ஜெபத்திலேயே தீர்ப்பு இருந்தது: "ஆண்டவரே, இந்த மகளுக்குத் தாழ்மையின் ஆவியைத் தாரும்." மேரி ராய் தீர்ப்பு வந்தபோது கேரளத்தில் அதை எதிர்த்ததில் சபைத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 2009-ல் கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் மையைத் துடைக்க அண்ணன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அப்புறம் எதிரே இருந்த கடையில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தார். அந்த வருட கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் போனால் என் அறையில் உரச்சாக்கு அடுக்கியிருந்தது. சமாதானமாகத்தான் இருக்கிறோம், சண்டை இல்லை. திருவிருந்துக்குப் போனால் அண்ணிக்குப் பக்கத்தில் முழங்கால் போடுகிறேன், பாத்திரம் எனக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் அந்தப் பழம்பொரிதான் ஞாபகம் வருகிறது. இதைச் சமாதானம் என்று பவுல் ஒத்துக்கொள்வாரா, எனக்குத் தெரியவில்லை.

பால்வெட்டு:
அக்கா, உங்களுக்கு நடந்தது தப்பு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போனவர்களையும் கேளுங்கள். என் மாமா வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு பதினேழு வருடம் நடந்தது. கமிஷனர் வந்து அளந்தார், அதற்கு ஆட்சேபணை, அப்புறம் அப்பீல். இடையில் மரம் வயசாகி வெட்டக்கூட முடியாமல் நின்றது. ஜெயித்த அத்தை பங்கை அனுபவிக்காமலே போய்ச் சேர்ந்தார், அடக்கத்துக்கு மாமா தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

குமாஸ்தா:
அதை மறுக்க மாட்டேன், என் மேஜையிலேயே அப்படி இரண்டு கட்டு இருக்கிறது. அதனால்தான் நான் யாரையும் வழக்குப் போடச் சொல்வதில்லை. ஆனால் கையெழுத்துப் போடாமல் இருப்பது வழக்குப் போடுவது ஆகாது. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷி எந்த வசனத்தையும் மீறவில்லை. சனிக்கிழமை தேதி சட்டம் வைத்ததில்லை, உங்கள் அண்ணன் வைத்தது.

வேம்படி:
இது, இதுதான். பிள்ளைவாள், அப்போஸ்தலர் 25-ல் பவுலே இராயனிடம், அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடம், அபயம் கேட்டார் என்று எழுத வந்தேன், அது வேண்டாம்.

சேகரத்துப்பிள்ளை:
வேண்டாம், நல்லதுதான், அது யூதத் தலைவர்கள் அவர்மேல் போட்ட வழக்கு, இவர் சகோதரன்மேல் போட்டதல்ல. ஆனால் குமாஸ்தா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுங்கள் என்று முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், அவசரப்பட்டுவிட்டேன். வழக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ என்றால் அவர்கள் கமிட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வெளி சேகரத்து, அதாவது வேறு சபை வட்டாரத்து, ஆள் ஒருவர், உங்களுக்கு நம்பிக்கையான பெரியம்மாள் ஒருவர், அண்ணனுக்கு நம்பிக்கையானவர் ஒருவர். தோட்டத்தில் உழைத்ததற்கு அண்ணனுக்கும், அப்பாவைப் பார்த்ததற்கு உங்களுக்கும் என்ன என்பதை அங்கே பேசுங்கள். சிஸ்டர், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பெரியண்ணனிடம் தனியாகப் பேச முடியுமா? குழுவில் வேண்டாம்.

பால்வெட்டு:
குழுவில் வேண்டவே வேண்டாம். அத்தை கைகூப்பிக்கொண்டே இருப்பார்.

கைதைப்பூ:
எல்லாருக்கும் நன்றி. நேற்று வீட்டுக்குப் போனேன், அண்ணன் தோட்டத்தில் இருந்தார், அம்மா மட்டும் அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். குமாஸ்தா ஐயா எழுதியதைச் சொன்னேன், என் 20 செண்டைச் சொல்லவில்லை, அம்மாவின் 30-ஐச் சொன்னேன். கத்தி நின்றுவிட்டது. "எனக்கா? எனக்கு எதுக்கு மக்ளே அவ்வளவு?" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. எனக்காவது வசனம் அனுப்பினார்கள், அம்மாவுக்கு அதுகூட அனுப்பவில்லை, கையைப் பிடித்து மையில் அமுக்கினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, கிழங்கை மட்டும் நறுக்கினார். அண்ணன் வந்ததும் சோறு போட்டுக்கொண்டே சொல்கிறார்: "சனிக்கிழமை நான் வரல்லடே. கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கு. வந்த பொறவு வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுகேன்." அண்ணன் என்னைப் பார்த்தார், நான் குழம்பைப் பார்த்தேன். கண்ணாடி அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது, எனக்குத் தெரியும்.