கார்பன் ரோடு பைக்கில் தினமும் அலுவலகம்: எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது?

கடற்காற்று:

வணக்கம். என்னிடம் 2018-இல் வாங்கிய கார்பன் ரோடு பைக் இருக்கிறது. ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000 கியர்-பிரேக் தொகுப்பு, சக்கர வளையத்தைக் கட்டையால் பிடிக்கும் ரிம் பிரேக், 50 மி.மீ. உயரமுள்ள கார்பன் ரிம், 25 மி.மீ. டயர். இதுவரை ஞாயிறு விடியற்காலையில் மாமல்லபுரம் போய்வருவதற்கு மட்டும்தான் அதை எடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் அலுவலகம் சோழிங்கநல்லூருக்கு மாறுகிறது. நான் இருப்பது பெசன்ட் நகர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் அக்கரையில் திரும்பினால் சுமார் 15 கிலோமீட்டர். இனித் தினமும் சைக்கிளில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், ஃபிரேமில் மட்கார்டுக்கோ கேரியருக்கோ திருகு போட ஓர் ஓட்டைகூட இல்லை. துளை போடவும் மாட்டேன். லேப்டாப், மாற்று உடை, ஐப்பசி மழை, பூட்டு எல்லாவற்றுக்கும் வழி வேண்டும். அலுவலகத்தில் குளிக்க வசதி உண்டு. சைக்கிளை மாடிக்குக் கொண்டுபோக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. வீட்டிலோ, "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சேற்றில் விட்டுப் பாழாக்கப் போகிறாயா?" என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

போரூர்க்காரன்:

என்னைக் கேட்டால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கும் 35 மி.மீ. டயரும் உள்ள ஹைப்ரிட் ஒன்றை வாங்கினால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் ஒரே நாளில் மாட்டிவிடலாம். சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு மேலே போனால் வேலையில் மனமும் நிற்கும்.

கம்பிச்சக்கரம்:

போரூர்த் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக நிறுத்தும் இடத்தைப் பற்றி. ஆனால் மனத்துக்குப் பிடித்த சைக்கிள் வீட்டில் இருக்க, இன்னொன்றில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் திருவான்மியூர். அதே சாலையில் பல வருடங்களாகக் கார்பன் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கார்பன் மழையில் ஊறாது, துருப்பிடிக்காது. கெடுவது அதைச் சுற்றியுள்ள உலோகமும் பேரிங்கும். ஆகவே ஃபிரேமை அப்படியே விட்டுவிடுங்கள் சகோதரி. செலவைச் சக்கரத்தில் போடுங்கள்.

கார்பன் ரிம் நனைந்திருந்தால், பிரேக்கை அழுத்திய முதல் கணங்களில் வேகம் குறையவே குறையாது. கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஞாயிறு விடியலில் சாலை காலியாக இருக்கும்போது சமாளிக்கலாம். மாலை ஆறரை மணிக்கு நீலாங்கரையில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆளைப் பார்த்ததும் இடப்பக்கம் ஒடித்து நிற்கும்போது முடியாது. காற்றும் இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி வரும் இடத்திலெல்லாம் 50 மி.மீ. ரிம் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இடையில் ஒரு பஸ் உங்களைத் தாண்டிப் போனால், காற்று நின்று மறுபடி அடிக்கும். அந்த இரண்டாவது அடிதான் ஆளைச் சாய்ப்பது.

அதனால் அலுமினிய ரிம்மில், 28 அல்லது 32 கம்பி உள்ள ஒரு ஜோடிச் சக்கரம் வாங்குங்கள். கோட்டம் விழுந்தால் கைத்தேர்ந்த எந்தச் சைக்கிள் கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். பின் சக்கரத்தில் தனியாக ஒரு 11 கியர் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டுவிட்டால், ஞாயிறன்று சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.

சக்கரத்தை மட்டும் என்றேன், கூடவே பிரேக் கட்டையையும் மாற்றியே ஆக வேண்டும். இதில் சமரசமே கிடையாது. கார்பன் ரிம்முக்கான கட்டை வேறு, அலுமினியத்துக்கானது வேறு. ஒரு மழை வாரம் ஓட்டிய பிறகு அலுமினியச் சக்கரத்தின் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரப்பருக்குள் மினுமினுக்கும் துகள்கள் பதிந்திருக்கும். அவை ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியமும் சாலை மணலும். அதே கட்டை கார்பன் ரிம்மில் உராய்ந்தால் கோடுகோடாகக் கீறிவிடும். உங்கள் பிரேக்கில் கட்டையைப் பிடித்திருக்கும் சின்ன ஆலன் திருகை இளக்கினால் ரப்பர் மட்டும் பின்பக்கமாக வழுக்கி வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு ரிம்மின் அகலமும் ஒன்றாக இருக்காது என்பதால், பிரேக் கேபிளின் அட்ஜஸ்டரையும் சற்றுத் திருப்ப வேண்டியிருக்கும்.

டயரை 28 ஆக்குங்கள். ஆர்8000 பிரேக் 28 வரை இடம் கொடுக்கும். உங்கள் ஃபிரேம் கொடுக்குமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எல்லா இடத்திலும் 4 மி.மீ. ஆலன் கீ தாராளமாகப் போய்வர வேண்டும். பந்தய டயர் வேண்டாம், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள். காற்றை 100 பி.எஸ்.ஐ. வரை ஏற்றும் பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். 60, 65 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் முன்னே 60, பின்னே 65-லிருந்து 70 போதும். சாலையின் ஒட்டுக்கெல்லாம் கை அதிராது, ஈரத்திலும் பிடிப்பு இருக்கும்.

நம் ஊரில் பஞ்சருக்குப் பெரிய காரணம் ஆணி என்று நினைப்பார்கள். ஆனால் லாரி, பஸ் டயர்கள் கிழிந்து சிதறும்போது அவற்றுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி, முடியிழை போல மெல்லியதாகச் சாலை ஓரத்தில் கிடக்கும். அது டயரில் ஏறினால் உடனே காற்று இறங்காது. உள்ளே நகர்ந்து நகர்ந்து இரண்டு நாள் கழித்து வேலையைக் காட்டும். வாரம் ஒருமுறை டயரை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, முனை தெரிந்தால் குறடால் பிடுங்கிவிடுங்கள். பஞ்சர் ஒட்டியவுடன் அதே இடத்தில் மறுபடி காற்று போகிறது என்றால், கம்பி இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது. பையில் இரண்டு டியூப், கைப்பம்பு, பிரஸ்டா வால்வுக்கான (ரோடு பைக் டியூபின் ஒல்லியான வால்வு) பித்தளை அடாப்டர் ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கட்டும். அடாப்டர் இல்லாவிட்டால் சாலையோரப் பஞ்சர் கடையின் குழாய் உங்கள் வால்வில் மாட்டவே மாட்டாது.

மட்கார்டுக்குத் துளை தேவையில்லை. ரப்பர் பட்டையால் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் கட்டும் வகை கிடைக்கிறது. கட்டுவதற்கு முன் பட்டை படும் இடமெல்லாம் ஒளி ஊடுருவும் தடித்த பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள். பட்டைக்கும் பெயின்டுக்கும் நடுவே மணல் புகுந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த வேலையைச் செய்துவிடும்.

பெடலில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் ஷூவின் அடியிலுள்ள கொக்கி மாட்டும் எஸ்.பி.டி. பிடிப்பாகவும் உள்ளது நல்லது, ஷிமானோ இ.எச்.500 அந்த வகை. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்க்கட்டும். ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் துண்டை) தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கைப்பிடி சற்று உயரும், நெரிசலில் தலையை நிமிர்த்திப் பார்க்கலாம். அப்போது மேல்மூடித் திருகைச் சரிசெய்த பிறகுதான் பக்கத் திருகுகளை இறுக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் கார்பனில் எந்தத் திருகையும் தொடாதீர்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் இருக்கும். உங்கள் ஸ்டெம்மில் அச்சிட்டிருப்பதே கணக்கு.

கடைசியாக, வியர்வையும் கடலுப்பும். இரண்டும் சேர்ந்து முதலில் தின்பது ஹெட்செட்டின் (ஃபோர்க் திரும்பும் இடத்தின்) மேல் பேரிங்கையும், டேப்புக்கு அடியில் இருக்கும் அலுமினிய ஹேண்டில்பாரையும்தான். வருடத்துக்கு ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் அந்த ஹேண்டில்பாரில் ஒருநாள்கூடப் போகாதீர்கள். தேங்கிய தண்ணீரில் போக நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாயை) உருவிவிட்டுச் சைக்கிளைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள்.

வேளச்சேரி வாசுகி:

பையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கார்பன் சீட் போஸ்டில் இறுக்கும் கேரியர் கூடவே கூடாது. சித்திரை, வைகாசியில் முதுகுப் பை போட்டால் பதினைந்து கிலோமீட்டரில் சட்டையைப் பிழியலாம். நான் திங்கட்கிழமை மட்டும் பஸ்ஸில் போய் வாரத்துக்கான உடை, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் அலுவலகத்தில் வைத்துவிடுகிறேன். வெள்ளியன்று அழுக்குத் துணி திரும்பி வரும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாளும் சீட்டுக்குப் பின்னால் வார் போட்டுக் கட்டும் நீளப் பையே போதும். வார் சுற்றும் இடத்திலும் அந்தப் படலத்தை ஒட்டிவிடுங்கள். லேப்டாப்பைத் தினமும் வீட்டுக்குத் தூக்கத்தான் வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கள் இடத்தில் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள்.

கனமான யு வடிவப் பூட்டையும் அலுவலகத்திலேயே விட்டுவிடலாம், எதற்குச் சுமக்க வேண்டும்? வெறும் கேபிள் பூட்டை நம்பாதீர்கள். மாடிக்கு அனுமதி கேட்கும்போது சைக்கிளின் விலையை எழுத்தில் குறிப்பிடுங்கள். என் வேண்டுகோள் அப்படித்தான் நகர்ந்தது.

கடற்காற்று:

கம்பிச்சக்கரம் அண்ணா, வாசுகி அக்கா, மிக்க நன்றி. ஆலன் கீ வைத்துப் பார்த்தேன். முன்னால் நிறைய இடம் இருக்கிறது. பின்னால் செயின் ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) அருகே இப்போதுள்ள 25 டயருக்கே பக்கத்துக்கு 5 மி.மீ.தான். 28 போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. குறைந்து மூன்றரைதான் மிஞ்சும். அப்படியானால் பின்னால் 25-ஐயே வைத்துக்கொள்ள வேண்டுமா?

கம்பிச்சக்கரம்:

அவசரப்பட வேண்டாம். டயரில் எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, காற்றடைத்த டயரை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். இப்போதைய கார்பன் ரிம்கள் உள்ளே அகலமானவை. 21 மி.மீ. உள்ளகலம் உள்ள ரிம்மில் 25 டயர் விரிந்து 27-ஐ நெருங்கியிருக்கும். நீங்கள் வாங்கப்போகும் அலுமினிய ரிம் 17 மி.மீ. உள்ளகலம் உள்ளதாக இருந்தால், 28 என்று எழுதிய டயர் அதில் ஏறக்குறைய 28 தான் நிற்கும். அப்படியானால் வித்தியாசம் பக்கத்துக்குச் சுமார் அரை மி.மீ.தான், நாலரை மி.மீ. மிஞ்சும்.

அளந்ததில் உங்கள் டயர் உண்மையிலேயே 25 தான் என்று வந்தால் முன்னால் 28, பின்னால் 25 போடுங்கள். அப்போது பின் டயரில் மட்டும் காற்றைப் பத்து பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் முன் டயரை முதலில் வாங்கலாம். பின்னதற்குச் சக்கரம் கைக்கு வந்த பிறகு அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.