மறு: ‘ஹீட் சோக்’ – ஊறுவெப்பம் சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கோடை முகாமில் கேரவனைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது பற்றிய கையேட்டுக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி சண்டை சச்சரவில்லாமல் முடிந்துவிட்டது. வண்டியின் பக்கவாட்டிலிருந்து இழுத்து விரிக்கும் துணிக்கூரைக்கு ‘விரிபந்தல்’ என்றதும் எல்லோரும் சரி என்றீர்கள். வண்டிக்கே ‘மகிழூர்தி’ என்று பெயர் வைக்கப் பார்த்தோம். மகிழுந்து என்ற பெயரைக் கார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டதால் அது எடுபடவில்லை. கேரவன் கேரவனாகவே இருக்கட்டும்.

நகராமல் நிற்பது ‘ஹீட் சோக்’ ஒன்றுதான். பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியின் கூரை, சுவர், மெத்தை, அலமாரி எல்லாம் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். நான் முன்வைத்தது ‘ஊறுவெப்பம்’. இரவுச் சாப்பாடு முடிந்து, தலைக்கு மேலிருக்கும் அலமாரிக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். உள்ளே அடுக்கிய போர்வையின் நடு மடிப்பில் கையை விட்டால் அங்கே இன்னும் பிற்பகல்தான்.

> வெப்பத்தேக்கம் என்று போட்டுவிடலாமே. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியதில்லைதான், ஆனால் படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். தேக்கம் என்றால் ஓட்டம் நின்று ஓரிடத்தில் கிடப்பது. கேரவனுக்குள் அப்படிக் கிடப்பதும் ஒன்று உண்டு, கூரைக்கு அடியில் போய்ச் சேரும் சூடான காற்று. அதை விரட்டுவது எளிது. கூரையில் பொருத்தும் விசிறிகளில் நல்லவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 கனமீட்டர் காற்றை வெளியே இழுக்கும். வண்டியின் உட்புறம் 30 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு விசிறியைப் போட்டால் ஓரிரு நிமிடத்தில் உள்ளே இருந்த காற்றில் பெரும்பங்கு மாறிவிடும். விசிறியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து வந்து பாருங்கள், மறுபடியும் அதே வெக்கை. காற்று மாறியது, சுவர் மாறவில்லை. ‘வெப்பத்தேக்கம்’ என்று படித்தவர் இங்கே திகைத்து நிற்பார். அதனால் அந்தச் சொல்லைக் கூரையடிக் காற்றுக்கென்று ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. அதுவும் பட்டியலுக்குத் தேவையான சொல்தான்.

> பாடநூலில் இருக்கும் உள்ளுறை வெப்பத்தையே எடுத்துக்கொண்டால் என்ன?

கூடவே கூடாது. பனி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பநிலையை மாற்றாமல் செலவாகும் வெப்பத்தின் பெயர் அது. பள்ளிக்கூடத்திலேயே மனத்தில் பதிந்துவிட்ட பொருளை இனி யாராலும் மாற்ற முடியாது. அதோடு, இந்தக் கையேட்டிலேயே ஏர்கூலர் பகுதியில் அது தன் சொந்தப் பொருளில் வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருக்கும் இடத்தில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்வது அதனால்தான். புழுக்கமான இடத்தில் தண்ணீர் ஆவியாவதே கடினம், அங்கே அது ஈரத்தைத்தான் கூட்டும்.

‘வெப்ப உட்கவர்வு’ என்று வந்த பரிந்துரையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது பாதிக் கதையோடு நின்றுவிடுகிறது. சூடு உள்ளே போவதைச் சொல்கிறது, உள்ளேயே கிடந்து பிறகு வெளியே வருவதைச் சொல்லவில்லை. முகாமில் தூக்கத்தைக் கெடுப்பது அந்த இரண்டாம் பாதிதான்.

> கேள்வி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏசி இருக்கும்போது இதற்கெல்லாம் தனிச்சொல் எதற்கு?

தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கூரை ஏசிகளில் பரவலாக இருப்பது மணிக்கு 13,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வகை. 12,000 ஒரு டன் என்பதால் இது ஒரு டன்னுக்குச் சற்று மேல். அது வெளியேற்றும் வெப்பம் சுமார் 4 கிலோவாட். மேலே சொன்ன 30 கனமீட்டர் காற்றின் எடை 36 கிலோ. அதை 15 டிகிரி செல்சியஸ் குளிர்விக்க 0.15 யூனிட் அளவுக்கு வெப்பத்தை எடுத்தால் போதும். இந்த ஏசிக்கு அது இரண்டேகால் நிமிட வேலை.

இனி சாமான்களைப் பாருங்கள். ஒட்டுப்பலகை, மெத்தை, அலமாரி, உலோகச் சட்டம், உள்சுவர் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ. மரத்தின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்) அதிகம், உலோகத்தினுடையது குறைவு. கலந்து கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 கிலோஜூல் என்று கொள்வோம். இவற்றையும் 15 டிகிரி இறக்க 5 யூனிட் ஆகிறது. வெளியிலிருந்து ஒரு துளி சூடுகூட உள்ளே வராது என்று வைத்துக்கொண்டாலும் ஏசிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். உண்மையில் வந்துகொண்டேதான் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் விழுகிறது. 15 சதுர மீட்டர் கூரை என்றால் 15 கிலோவாட். வெள்ளைக் கூரை அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனாலும் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் ஏசியின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும்.

மாலையில் வந்து ஏசியைப் போட்டுவிட்டு, அரை மணியில் குளிரவில்லை என்று அதைத் திட்டுகிறவருக்கு இந்த 0.15-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். அந்த 5-க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பெயர் இருந்தால் பழுது பார்ப்பதும் சுலபம். ஏசி உறிஞ்சும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், குளிர்காற்று வரும் வாயில் ஒன்று. இரண்டுக்கும் இடையே 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, பழி ஊறிய சூட்டின் மேல். (காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வித்தியாசம் இதைவிடக் குறைந்து காட்டும், அதற்காகப் பதற வேண்டாம்.) ஈரம் இல்லாமலும் வித்தியாசம் குறைந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவ வேண்டும். அப்புறம் உட்கூரை மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குளிர்காற்று அறைக்கும் காற்று திரும்பும் அறைக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பது பல வண்டிகளில் சகஜம். குளிர்காற்று அந்த வழியாகவே திரும்பிப் போய்விடும், அறைக்குள் வராது. சென்சாருக்கு அந்தக் குளிர் பட்டால் ஏசி சீக்கிரமே நின்றுவிடும். சில சமயம் சுருளில் பனிக்கட்டி பிடித்து, பிறகு உருகித் தரையில் சொட்டும். அலுமினிய டேப் ஒட்டி இடைவெளியை அடைத்தால் தீர்ந்தது. இதற்கு ‘குறுக்குச்சுற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மின்சாரத்தில் அந்தப் பெயர் ஆபத்தைக் குறிப்பது, படிப்பவர் பயந்துவிடுவார். ‘குளிர்க்கசிவு’ போதும்.

சரி, ஊறலுக்கு வருவோம்.

> வெப்பவூறல் என்றால் வேர்க்குரு மாதிரி ஏதோ தோல் வியாதி என்று நினைப்பார்கள். ஊறல் என்றால் எங்கள் பக்கம் அரிப்பு.

ஆமாம், அதோடு செய்தித்தாள்களில் போலீஸ் கண்டுபிடித்து அழிக்கும் ஊறலும் ஒன்று இருக்கிறது. தொழிற்பெயராக வைத்தால் இந்த இரண்டும் கூடவே வரும். அதனால்தான் வினைத்தொகையாக்கி ‘ஊறுவெப்பம்’ என்கிறேன். ஊறுகாய் எப்படியோ அப்படி. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று முக்காலத்துக்கும் பொருந்தும். இங்கே அது வெறும் இலக்கண அழகு இல்லை: பகலில் ஊறுகிற வெப்பம், இரவில் ஊறிய வெப்பம், நிழல் போடாவிட்டால் நாளையும் ஊறும் வெப்பம். ஊறு என்றால் தீங்கு என்றும் ஒரு பொருள் உண்டே என்று கேட்டிருந்தீர்கள். இருக்கட்டும், அந்தத் தீங்கும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘வண்டி ஊறிவிட்டது’ என்று கையேட்டில் எங்கும் எழுதிவிடக் கூடாது, மழையில் நனைந்ததாகப் படும். ‘வண்டியில் சூடு ஊறிவிட்டது’ என்றே எழுத வேண்டும்.

கலைச்சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையேட்டின் வரைவிலிருந்து சில இடங்களை மாற்றிப் பார்த்தேன்.

‘கோடையில் நடுப்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் கிழக்கு, மேற்குச் சுவர்களில்தான் காலையிலும் மாலையிலும் வெயில் நேராக விழும். வண்டியின் குறுகிய பக்கம் மேற்கைப் பார்க்கும்படி நிறுத்தினால் ஊறுவெப்பம் குறையும்.’

‘ஜன்னலுக்கு உள்ளே மாட்டும் வெள்ளித்தாளைவிட வெளியே கட்டும் நிழல்துணி ஊறுவெப்பத்தை நன்றாகத் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டிய வெயிலில் ஒரு பகுதி உள்ளேயே சூடாகத் தங்கிவிடும்.’

‘ஊறுவெப்பம் ஏறும் முன்னரே, காலையிலேயே ஏசியைத் தொடங்கவும். அடுப்பு வேலையை வெளியே வைத்துக்கொள்ளவும்.’

இந்த மூன்றிலும் ‘வெப்பத்தேக்கம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், மூன்றாவதில் தடுக்கிவிழும்.

> எஞ்சின் வேலை செய்கிறவர்களும் இதே சொல்லைச் சொல்கிறார்களே. அங்கே ஒத்துவருமா?

வரும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் குளிர்நீர் ஓட்டமும் நின்றுவிடும். எஞ்சினின் உலோகத்தில் இருந்த சூடு பக்கத்துக் குழாய்களுக்கும் உறைகளுக்கும் பரவும். எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வண்டிகளில் அந்தச் சூடு உள்ளேயும் வரும். முகாமுக்கு வந்து நிறுத்திய முதல் ஒரு மணி நேரம் முன்பக்கம் மட்டும் தனியாகக் கொதிப்பது இதனால்தான். சூட்டின் மூலம் வெயிலோ எஞ்சினோ, நடப்பது ஒன்றே என்பதால் சொல்லும் ஒன்றாக இருப்பதே நல்லது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. காலையிலேயே ஏசியைப் போட்டு மெத்தையையும் பலகையையும் குளிர வைத்துவிட்டால், நண்பகலில் மின்சாரம் போனாலும் வண்டி உடனே சூடாகிவிடாது. சேமித்த அந்தக் குளிருக்கு ‘ஊறுகுளிர்’ என்ற சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது.

பட்டியலைப் பராமரிக்கும் ஐயா வரையறை கேட்டிருந்தார். இப்படி எழுதலாம்:

ஊறுவெப்பம் – வெயில், எஞ்சின் போன்றவற்றிலிருந்து ஒரு பொருளின் திண்மத்துக்குள் மெல்ல இறங்கி, வெப்பமூலம் நீங்கிய பிறகும் அங்கேயே இருந்து, சிறிது சிறிதாகச் சுற்றுப்புறத்துக்கு வெளிவரும் வெப்பம். காற்றை மாற்றுவதால் மட்டும் நீங்காது.

கடைசி வாக்கியத்தை நீளம் கருதி வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காற்று திரும்பும் அறைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை, ‘மீள்காற்றறை’ என்பது வாயில் நுழைய மறுக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.